கம்பியில்லாத போன்

இன்று புக்கிட் ரோத்தான் ஊரில் இருக்கும் என் கொப்பரைக் கடைக்கு, ஊர் ஊராகச் சாமான் விற்கும் மணியம் கம்பியில்லாத போன் ஒன்றைக் கொண்டுவந்தார். வெளிநாட்டுச் சரக்கு.

"தொலைபேசி இலாகா முத்திரை எங்கேய்யா?"

"அதெல்லாம் யாரு பாக்குறா முதலாளி? எதிர்க்கடை காதர் பாயே போன வாரம் இதே போனை வாங்கிட்டாரு லா."

முத்திரை இல்லாத போனை இலாகா சும்மாவா தடுக்கிறது? இருந்தாலும் கையில் வாங்கிச் சுவிட்சைப் போட்டேன்.

உள்ளே காதர் பாய் குரல்! நாளைக்கு என்ன விலைக்குக் கொப்பரை தருவார் என்று கிள்ளானில் மொத்தமாக வாங்கும் சீன முதலாளி தவுக்கேயிடம் சொல்லிக்கொண்டிருந்தார். நானும் அதே தவுக்கேயிடம்தான் விற்கிறேன்.

மணியம் போனைப் பிடுங்கக் கையை நீட்டினார். "திருப்பி எடுத்துக்கிறேன் முதலாளி."

"அட, வையுங்க."

இதைப் படிக்கும் கடைக்காரர்களே, உங்கள் எதிர்க்கடையில் எந்தப் போன்? எதற்கும் பார்த்துவையுங்கள்.

மணியம் முந்நூறு கேட்டார், நூற்றெண்பது வெள்ளிக்கு முடித்தேன். நான் பேசுவது பழைய கம்பிப் போனில்தான். இது கேட்பதற்கு மட்டும்.