ஆறு பட்டை ஸ்பிரிங் தேடி ஆம்பூர் வரை

வியாழக்கிழமை பகல் ஒன்றரை மணி. ஆம்பூரைத் தாண்டி இரண்டு கிலோமீட்டர் வந்திருப்பேன். காரின் பின்பக்க இடது மூலையில் தேங்காய் உடைத்தது போல ஒரு சத்தம். வண்டி அந்தப் பக்கமாகச் சாய்ந்து உட்கார்ந்துகொண்டது. மீதி இருந்த நாற்பத்தெட்டு கிலோமீட்டரைக் கடந்து வேலூர் சேர மூன்று மணி நேரம் ஆயிற்று. புல்லுக்கட்டு ஏற்றிய சைக்கிள்காரர் ஒருவர் என்னை முந்திக்கொண்டு போகும்போது, "பாத்து வாம்மா" என்று ஆறுதல் சொல்லிவிட்டுப் போனார்.

எழுபதுகளின் கடைசி அது. ஏற்காட்டில் நான் கணக்கு டீச்சர். என் கணவர் ஜேக்கப் காப்பித் தோட்டத்தில் மேற்பார்வையாளர். கிடங்கில் ஏணியிலிருந்து விழுந்து இடுப்பெலும்பு முறிந்து, வேலூர் ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் ஆகி ஒரு மாதமாகப் படுத்திருந்தார். மார்பிலிருந்து பாதம் வரை மாவுக்கட்டு. திங்கட்கிழமை காலை வீட்டுக்கு அனுப்புவதாகச் சொல்லியிருந்தார்கள். ஆனால் உட்காரக் கூடாது, குலுங்கக் கூடாது. எலும்பு விலகினால் மறுபடி ஆபரேஷன்.

சேலம் வரை ரயிலில் படுக்க வைத்துக் கூட்டிப் போகலாம். அதற்குமேல் முப்பது கிலோமீட்டர் மலைப்பாதை, இருபது கொண்டை ஊசி வளைவு. யார் வண்டியில் படுக்க வைப்பது? அதனால்தான் எங்கள் பழைய ஸ்டேஷன் வேகனை நானே ஓட்டிக்கொண்டு கிளம்பினேன். ஊரைவிட்டுப் போன ஒரு தோட்டத் துரையிடம் வாங்கியது. பின்சீட்டை மடக்கிவிட்டால் ஆறடி மனிதர் காலை நீட்டிப் படுக்கலாம். பின்னால் ஒரு கதவு. கட்டிலைத் தூக்கி உள்ளே வைப்பது போல ஆளை ஏற்றிவிடலாம். அந்த மாதிரி வண்டி எங்கள் மலையில் வேறு யாரிடமும் இல்லை. அதன் ஸ்பிரிங் எந்தக் கடையிலும் கிடைக்காது என்பது எனக்கு அடுத்த நாள்தான் தெரிந்தது.

வெள்ளிக்கிழமை காலை எட்டு மணி. லாட்ஜ்காரர் கைகாட்டிய ஷெட்டுக்கு வண்டியைக் கொண்டுபோனேன். மெக்கானிக் சத்தார் பாய்க்கு நாற்பது வயதிருக்கும். குனிந்து பார்த்தவர் அப்படியே படுத்து வண்டிக்கு அடியில் போய்விட்டார்.

"ஸ்பிரிங்ல மெயின் பட்டை ரெண்டா பூட்ச்சிம்மா" என்று உள்ளிருந்து குரல் வந்தது. "மத்ததும் தேஞ்சி போயிருக்கு. எங்க போவணும் இதுல?"

சொன்னேன். வெளியே வந்து கையைத் துடைத்துக்கொண்டார். "அப்ப மெத்து மெத்துன்னு இருக்கணும். சரி, லாங் பஜாருக்கு வா."

லாங் பஜாரில் புளி மூட்டைக் கைவண்டிகளுக்கும் ஸ்கூட்டர்களுக்கும் நடுவே பக்கவாட்டில் நடக்கத்தான் இடம். ஒரு சந்தில் இருந்த பழைய சாமான் கடைக்காரர், அதே கம்பெனிச் சாதாரணக் காரின் ஸ்பிரிங்கை எடுத்துப் போட்டார். "ரெண்டும் ஒண்ணுதான் பாய், கண்ண மூடிகினு மாட்டு" என்றார். நீளம் சரியாக இருந்தது. பட்டைகள்தான் ஐந்து, எங்களுடையதில் ஆறு. மாட்டிப் பார்த்தோம். பின்னால் இரண்டு பேர் ஏறி உட்கார்ந்ததும் டயர் தகரத்தில் உரசியது. கழற்றித் திருப்பிக் கொடுத்தோம்.

ஜும்மா தொழுகைக்குப் போய்வந்த பிறகு சத்தார் பாய் வேறு வழி பார்த்தார். லாரிக்குப் பட்டை கட்டும் பட்டறையிலிருந்து தடித்த பட்டைகள் மூன்றை வெட்டி வந்து கோத்தார். வண்டி நிமிர்ந்து நின்றது. எனக்குச் சந்தோஷம். "இரும்மா, நான் படுத்துப் பாக்கறேன்" என்று அவரே பின்னால் ஏறி, மாவுக்கட்டு போட்டவர் மாதிரி விறைப்பாகப் படுத்துக்கொண்டார். நான் ஓட்டினேன். கோட்டைப் பக்கமாக அரைக் கிலோமீட்டர்கூடப் போகவில்லை.

"நிறுத்து... நிறுத்தும்மா! எனக்கே இடுப்பு பூடும் போலகீது!"

இறங்கி முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றார். சிரிப்பை அடக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். அவரும் சிரித்துவிட்டார். பிறகு சொன்னார்: "தடிப்பா மூணு ஆவாதும்மா. மெல்லிசா ஆறு வேணும். எந்த வளைவுல இருக்கணும்னு பாக்க உடையாத ஜோடி ஒண்ணு வேணும். ஆம்பூர்ல தோல் பதப்படுத்தற ஷாப்புக்காரர் ஒருத்தர்கிட்ட இதே வண்டி கீது. இன்னிக்கி வெள்ளி, ஷாப்பு லீவு. நாளைக்கிப் போலாம்."

சாயங்காலம் வார்டில் ஜேக்கப் கேட்டார், "வண்டி எப்படி இருக்கு?"

"நல்லா இருக்கு" என்றேன். இருபத்திரண்டு வருஷத்தில் அவரிடம் சொன்ன பொய்கள் குறைவு. அதனால் உடனே கண்டுபிடித்துவிட்டார். "எது உடைஞ்சுது?" என்றார். சொன்னேன். அவர் மேலே சுற்றிய மின்விசிறியைப் பார்த்துக்கொண்டே, "இன்னும் ஒரு மாசம் இங்கேயே இருந்துடறேன் லில்லி, பரவாயில்லை" என்றார். பரவாயில்லை என்று சொல்லும்போது அவர் குரல் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும்.

சனிக்கிழமை காலை ஏழரைக்குச் சத்தார் பாயும் நானும் ஆம்பூர் பஸ் ஏறினோம். டிக்கெட் மூன்று ரூபாய். பள்ளிகொண்டா தாண்டினால் பாலாறு மணலாக அகன்று கிடக்கிறது. ஆம்பூர் வருவதைக் கண்ணைவிட மூக்குதான் முதலில் சொல்கிறது. சுண்ணாம்பும் கடுக்காயும் ஊறிய தோலும் கலந்த வாடை. பத்து நிமிஷம் கைக்குட்டையை வைத்திருந்தேன். பிறகு மறந்துபோனேன். உள்ளூர்ப் பெண்கள் அந்தக் காற்றிலேயே மல்லிகைப்பூவுக்குப் பேரம் பேசிக்கொண்டிருந்தார்கள்.

தோல் ஷாப் முற்றத்தில் ஈரத் தோல்கள் துணி காய்வது போல வரிசையாகத் தொங்கின. உள்ளே ஆளுயர மரப் பீப்பாய்கள் கடகடவென்று சுழன்றுகொண்டிருந்தன. ஓரத்தில் எங்கள் வண்டி நின்றது! நிறம்தான் வேறு, எங்களுடையது சாம்பல், இது பச்சை. கூட்டத்தில் கூடப்பிறந்தவரைப் பார்த்தது போல இருந்தது.

முதலாளி அன்வர் சாயபு, நான் யார், என்ன ஊர் என்று எதையும் கேட்கவில்லை. சத்தார் பாய் விஷயத்தைச் சொன்னதும் என்னைப் பார்த்து முதலில் கேட்டது, "உங்களுதும் ஆறு பட்டைதானே?"

"ஆமாங்க."

"கழட்டிக் குடுக்க முடியாதும்மா. நாளைக்கி எங்க வீட்டுப் பொம்பளைங்க வாணியம்பாடி நிக்காவுக்கு இதுலதான் போறாங்க. அளவு வேணும்னா எத்தினி வேணும்னாலும் எடுத்துக்கங்க."

ஜாக்கி வைத்துப் பின்சக்கரங்கள் தொங்கும்படி தூக்கினார்கள். வளைவை எதில் வரைவது? காகிதம் எண்ணெயில் ஊறிவிடும். அன்வர் சாயபு ஒரு கழிவுத் தோலை எடுத்துவரச் சொன்னார். சத்தார் பாய் அதை ஸ்பிரிங்கின் பக்கவாட்டில் பிடிக்க, நான் புடவையைச் செருகிக்கொண்டு தரையில் உட்கார்ந்து சாக்கட்டியால் கோடு இழுத்தேன்.

"ஒரு பக்கம் போதும்மா, வா" என்றார் சத்தார் பாய். கணக்கு டீச்சருக்கு ஒரே அளவு எப்படிப் போதும்? வலது பக்கத்தையும் வரைந்தேன். அரை அங்குலம் வித்தியாசம் வந்தது. மறுபடி வரைந்தேன். அதே அரை அங்குலம்.

"ஒரு பக்கம் தொங்கிப்போச்சி, அதான்" என்றார் சத்தார் பாய்.

அன்வர் சாயபுவுக்கு முகம் மாறிவிட்டது. "யார் வண்டி தொங்கிப்போச்சி? கம்பெனியிலேர்ந்து வந்த ஸ்பிரிங் இது. கை வெக்கல நானு!"

"பின்ன ரெண்டும் ஏன் வேற வேறயா கீது?"

"அது எனக்கு இன்னா தெரியும்? ஆனா தொங்கல!"

இருவருக்கும் குரல் ஏறியது. பீப்பாயருகே நின்ற ஆட்கள் வேலையை விட்டுவிட்டுப் பார்த்தார்கள். இந்த ஆள் கோபித்துக்கொண்டு எங்களை அனுப்பிவிட்டால் எங்கே போவது? "சார், வண்டியோட வந்த புஸ்தகம் ஏதாவது இருக்கா?" என்று கேட்டேன்.

அவர் விடுவிடுவென்று உள்ளே போய் ஒரு பிஸ்கட் டின்னைக் கொண்டுவந்தார். அதற்குள் இங்கிலீஷில் சின்னப் புத்தகம். பக்கம் புரட்டினேன். கடைசிப் பட்டியலில் இருந்தது: பட்டைகள் ஆறு, டிரைவர் பக்கத்து ஸ்பிரிங்குக்கு மட்டும் வளைவு அரை அங்குலம் கூடுதல். தமிழில் சத்தமாகப் படித்தேன்.

அன்வர் சாயபு சத்தார் பாயைப் பார்த்தார். சத்தார் பாய் தலையைச் சொறிந்தார். "இருவது வருசமா வண்டிக்கு அடியிலதான் படுத்துக் கெடக்கறேன், இது தெரியாமப் போச்சே" என்றார்.

"வாங்க, சாப்புட்டு அளவு எடுங்க" என்றார் அன்வர் சாயபு. ஆம்பூர் பிரியாணியைப் பற்றிக் கேள்விப்பட்டதெல்லாம் உண்மை. கத்தரிக்காய்த் தொக்கை இரண்டு முறை கேட்டு வாங்கினேன்.

ஆம்பூரிலேயே நெடுஞ்சாலையோரம் சத்தார் பாயின் தோஸ்த் ஒருவர் பட்டறை வைத்திருந்தார். தோலில் வரைந்த இரண்டு கோடுகளையும் தரையில் விரித்து, மெல்லிய பட்டைகளைப் பழுக்கக் காய்ச்சி, அடித்து, கோட்டுக்கு நேரே தூக்கிப் பிடித்துப் பார்த்து, எண்ணெயில் முக்கினார். சனிக்கிழமை சாயங்காலம் நாலு, ஞாயிறு பகலுக்குள் மீதி எட்டு. அந்த ஞாயிறு நான் ஆராதனைக்குப் போகவில்லை. உலைக்கு எதிரே ஸ்டூலில் உட்கார்ந்து மனதுக்குள் ஜெபித்துக்கொண்டேன்.

திரும்பும் பஸ்ஸில் கண்டக்டர் இரண்டு ஸ்பிரிங்குகளையும் பார்த்துவிட்டு, "இன்னாம்மா, ரெண்டு வில்லு? லச்சுமணனுக்கும் சேத்தா?" என்றார். லக்கேஜ் டிக்கெட் ஒரு வில்லுக்குத்தான் போட்டார்.

ஞாயிறு மாலை ஐந்தரைக்கு மாட்டி முடித்தோம். வண்டி இருபுறமும் சமமாக நின்றது. இந்த முறை சத்தார் பாயை ஓட்டச் சொல்லிவிட்டு நானே பின்னால் படுத்தேன். வேலூரின் வேப்பமரங்களும் கோட்டைச் சுவரும் தலைகீழாக ஓடின. பள்ளத்தில் இறங்கியபோது தொட்டிலை யாரோ ஒருமுறை தள்ளிவிட்டது போல இருந்தது. அவ்வளவுதான். "எப்படி கீதும்மா?" என்று அவர் மூன்று முறை கேட்டார். நான் அடுத்த பள்ளத்துக்காகக் காத்திருந்தேன். நான்காவது முறைதான், "நல்லா இருக்கு பாய்" என்று சொன்னேன்.

திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கு நான்கு பேர் ஜேக்கப்பைத் தூக்கி ஏற்றினார்கள். சத்தார் பாய் வந்திருந்தார். நோயாளியைக் கும்பிட்டுவிட்டு நேரே குனிந்து சக்கரத்தைப் பார்த்தார். "உரசல" என்று கைகாட்டினார்.

எங்கள் ஊரில் உதவி கேட்டுப் போனால் முதலில் யார் மகள், எந்தத் தெரு என்று கேட்டு, காப்பி கொடுத்து, அப்புறம்தான் விஷயத்துக்கு வருவார்கள். நான்கு நாளாக இங்கே ஒருவரும் என் பெயரைக் கேட்கவில்லை. வேகன்காரம்மா என்றே கூப்பிட்டார்கள். கேட்கப்படாத அந்தப் பெயரோடு தோல் மணக்கும் அந்த நாட்டைவிட்டுக் கிளம்பும்போது, பிறந்த வீட்டிலிருந்து கிளம்புவது போலத்தான் இருந்தது.

கிருஷ்ணகிரியில் இட்லி, தர்மபுரியில் இளநீர். சேலத்தில் வலிக்கான மாத்திரையைக் கொடுத்தேன். மலையடிவாரத்தில் இரண்டாவது கியர் போட்டேன். இருபது வளைவையும் வாயில் எண்ணிக்கொண்டே ஏறினேன். பின்னாலிருந்து ஒரு முனகல்கூட இல்லாதது எனக்குப் பயமாக இருந்தது.

மாலை நாலேமுக்காலுக்கு எங்கள் வீட்டு வாசலில் எஞ்சினை அணைத்தேன். அந்த அமைதியில் ஜேக்கப் கண் விழித்தார்.

"ஏன் நிறுத்திட்டே லில்லி?" என்றார். "மலை ஏற பயமா இருக்கா?"