பாஸ்வேர்டை மாற்றியது யார்?

எனக்குச் சந்தேகப் புத்தி உண்டு. என் மனைவி அதைக் குறையாகச் சொல்வாள். நான் அதை வைத்துத்தான் இத்தனை வருஷம் வேலை பார்த்திருக்கிறேன்.

கும்பகோணத்திலிருந்து தாராசுரம் போகும் சாலையில் எங்கள் அலுவலகம். நெல் அறுப்பு மெஷின்களை வாடகைக்கு அனுப்புகிறோம். யார் வயல் முற்றியிருக்கிறது, எந்த மெஷின் நாளைக்கு எந்த ஊரில் இறங்க வேண்டும் என்பதெல்லாம் கம்ப்யூட்டரில், ஒரு புக்கிங் செயலியில் இருக்கும். முதலாளி, நான், போன் எடுக்கும் பெண் என்று மூன்று பேரும் அதை ஒரே பெயரில், ஒரே பாஸ்வேர்டில் திறப்போம்.

அந்தப் பாஸ்வேர்டுக்கு ஒரு வழக்கம் உண்டு. அப்போது எந்த ரக நெல் அறுப்புக்கு வருகிறதோ, அதன் பெயர்தான் பாஸ்வேர்டு. அடுத்த ரகம் வந்ததும் எங்களில் யாராவது ஒருவர் மாற்றிவிடுவோம். மற்றவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை, வயலைப் பார்த்தாலே தெரிந்துவிடும். வீட்டைப் பூட்டிச் சாவியை வாசற்படியிலேயே வைத்துவிட்டுப் போகிற மாதிரிதான் இது என்று பல தடவை சொல்லியிருக்கிறேன். முதலாளி சிரிப்பார், அவ்வளவுதான்.

போன தை மாதம் அந்தச் சிரிப்பு நின்றது. புக்கிங் வாங்கிய வயலுக்கு எங்கள் வண்டி போய் நின்றால், வேறு யாருடைய மெஷினோ அறுத்து முடித்துவிட்டு வைக்கோலைப் போட்டுவிட்டுப் போயிருந்தது. மழை மூட்டம் போட்டிருந்த நேரம். கதிர் சாய்ந்து முளைத்துவிடுமோ என்ற பயத்தில் விவசாயி முதலில் வந்த மெஷினைத்தான் இறக்குவார், அவரைக் குறை சொல்ல முடியாது. ஆனால் சொல்லிவைத்தாற்போல் எங்கள் வயல்களிலேயே இது நடந்தால் என்ன அர்த்தம்? உள்ளேயிருந்து யாரோ தகவல் கொடுக்கிறார்கள்.

முதலாளியிடம் சொன்னேன்.

"யாருன்னு தெரிஞ்சா அன்னைக்கே கணக்கை முடிச்சு அனுப்பிடுவேண்ணே," என்றார்.

"அனுப்பத்தான் வேணும் முதலாளி. இரக்கமே பாக்கக் கூடாது."

ஒரு சட்டமும் போட்டேன். இனிமேல் பாஸ்வேர்டை யார் மாற்றினாலும், 'மாற்றியது நான்தான்' என்று அலுவலக வாட்ஸப் குரூப்பில் உடனே போட வேண்டும். முதலாளியும் சரி என்றார். அந்தப் பெண்ணும் கட்டைவிரல் பொம்மை ஒன்றைப் போட்டாள். எனக்கு அந்தக் கட்டைவிரலே பிடிக்கவில்லை.

அடுத்த வாரமே ஒரு காலையில் செயலி எனக்குத் திறக்கவில்லை. அறுப்பிலிருந்த ரகத்தைப் போட்டேன், முந்தின ரகத்தைப் போட்டேன், ம்ஹூம். குரூப்பில் யாரும் ஒன்றும் போட்டிருக்கவில்லை. செயலி செய்த கம்பெனிக்குப் போன் போட்டு, மாற்றியது யார் என்று கேட்டேன். பதிவைப் பார்த்துச் சொன்னார்கள்: "உங்க ஆபீஸ் பேர்லதான் சார் மாத்தியிருக்கு." ஒரே பெயரில் மூன்று பேர் நுழைந்தால் வேறு எப்படி இருக்கும்!

பக்கத்து மேஜையில் அந்தப் பெண் தன் பாட்டுக்குப் புக்கிங் ஏற்றிக்கொண்டிருந்தாள்.

"உனக்கு மட்டும் எப்படிம்மா திறக்குது?"

"நான் நேத்தே உள்ள போயிட்டேன் சார். வெளியவே வரல," என்றாள். சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. கம்ப்யூட்டர் திரையையும் லேசாக அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

இதற்குமேல் எனக்கு என்ன வேண்டும்? அப்பா படுத்த படுக்கை, அவள் சம்பளத்தில்தான் குடும்பம் ஓடுகிறது. அது தெரிந்தும் எனக்கு இரக்கம் வரவில்லை, சந்தேகம்தான் கூடியது. உடனே வேறு பாஸ்வேர்டு போடச் சொன்னால் முதலாளியோ, "பாக்கலாம்ணே. அதுவரைக்கும் பாப்பா சொல்ற ஊருக்கு வண்டியை அனுப்புங்க," என்று சொல்லிவிட்டார். காலையில் அவள் சொன்ன பிறகுதான் வண்டி எங்கே போகிறது என்றே எனக்குத் தெரிந்தது. எரிச்சலாக வந்தது. ஆனால் அந்த நாட்களில் ஒரு வயல்கூட எங்கள் கையை விட்டுப் போகவில்லை. என் சட்டத்துக்குப் பயந்து அந்தத் திருடி அடங்கிவிட்டாள் என்று நினைத்துக்கொண்டேன்.

சீர்காழியில் இருக்கும் என் மனைவியின் தம்பி தினமும் சாயங்காலம் போன் செய்வான். அவனும் ஒரு மெஷின் வாங்கி ஓட்டுகிறான். அக்காவிடம் பேசிவிட்டு, அறுப்பு எந்தப் பக்கம் என்று என்னிடமும் நாலு வார்த்தை விசாரிப்பான். தை மாதத்தில் எங்கள் பக்கம் எல்லாரும் எல்லாரிடமும் கேட்பதுதான். அவனிடம் இந்தப் பெண்ணைப் பற்றிச் சொன்னேன்.

"அவளேதான் மச்சான். விடாதீங்க," என்றான்.

விடவில்லை. மறுநாள் சாயங்காலம், அவளை அனுப்பியே ஆக வேண்டும் என்று சொல்ல முதலாளி அறைக்குப் போனேன். அவர் யாரிடமோ போனில் பேசிக்கொண்டிருந்தார். வீட்டுச் சாப்பாட்டுக்கென்று தன் வயலில் போட்ட சீரகச் சம்பா கதிர் முற்றிவிட்டது, வாசனை தூக்குகிறது என்று பெருமையாகச் சொன்னார். நான் அப்படியே திரும்பி வந்து என் மேஜையில் உட்கார்ந்தேன். எங்கள் புக்கிங்கில் அந்த வருஷம் சீரகச் சம்பா எங்கேயும் கிடையாது. அதை டைப் செய்தேன்.

திறந்துவிட்டது.

நிமிர்ந்தபோது முதலாளி கதவருகே நின்றிருந்தார். அந்தப் பெண் தலையைக் குனிந்துகொண்டாள்.

"நான்தாண்ணே மாத்தினேன். பாப்பாகிட்ட மட்டும் சொன்னேன். உங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னு சொன்னதும் நான்தான்," என்றார். "நமக்கு முன்னாடி போய் அறுத்ததெல்லாம் உங்க மைத்துனர் மெஷின். டிரைவருங்க நம்பரைப் பாத்துட்டு வந்து சொன்னாங்க."

எனக்கு ரத்தம் கொதித்தது. நானா? பாஸ்வேர்டை இறுக்கச் சொன்னவனே நான், சட்டம் போட்டவனே நான்! வாய்க்கு வந்ததையெல்லாம் சத்தம் போட்டுச் சொன்னேன். அவர் இன்றைக்குக் கிளம்புங்கள், காலையில் பேசலாம் என்றார். காலையில் என்ன பேசுவார் என்று எனக்குத் தெரியும். இரக்கமே பார்க்கக் கூடாது என்று சொல்லிக்கொடுத்தவன் நான்தானே.

பஸ் ஸ்டாப்பில் நிற்கும்போது போன் அடித்தது. சீர்காழி.

"என்ன மச்சான், சாப்டீங்களா? நாளைக்கு உங்க மெஷின் எந்தப் பக்கம்?"

தினமும் கேட்கிற கேள்விதான். பாஸ்வேர்டு மாறும்வரை தினமும் நானும் பதில் சொல்லியிருக்கிறேன்.

"ஏன் மாப்ள கேக்குற?" என்றேன். இத்தனை நாளில் அவனிடம் நான் அப்படிக் கேட்டதே இல்லை.

அவன் போனை வைத்துவிட்டான்.