நாங்கள் கொட்டிய சல்லி

அலங்காநல்லூர்ப் பக்கத்து எங்கள் ஊரிலிருந்து மதுரைக்குச் சல்லி ரோடு போட்டபோது, சல்லிக்கல் இழுத்துக் கொட்டியவர்களில் நானும் என் அக்காள் புருஷனும் உண்டு. இருவருக்கும் கூட்டாக ஒரு மாட்டு வண்டி. கூலிக்குக் குறைவில்லை. ரோடு முடிந்தது, அதன் மேல் பஸ் வந்தது.

எங்களுக்குச் சோறு போட்டது வெற்றிலைப் பாரம். விடியலில் கிள்ளிய இலையைக் கட்டி, ஈர வைக்கோல் சுற்றிச் சந்தைக்குக் கொண்டுபோவோம். பஸ் வந்த சில நாளில் கொடிக்கால்காரர் சொல்லிவிட்டார்: "இன்னைக்கு உச்சிக்குள்ள இலை சந்தையில இருக்கணும். இல்லேன்னா நாளையில இருந்து பஸ்ஸுதான். கோவிச்சுக்கிராதீக."

மண் பாதையில் உச்சி சாய்ந்துதான் போய்ச் சேர்வோம். அன்று சல்லியிலேயே விரட்டினோம். எங்கள் ஊரில் மாட்டுக்கு லாடம் அடிக்கிற வழக்கமில்லை. சல்லி குளம்பைத் தேய்க்கும், அடித்துவிடலாம் என்று முன்பே சொன்னேன். மச்சான் சீறினார்: "பொங்கலுக்கு மஞ்சள் பூசிக் கும்பிடுற காலுல ஆணி அடிப்பானாடா மனுசன்?"

பாதி வழியில் இடப்பக்கத்து மாடு காலை உதறியது. குனிந்து பார்த்தேன். குளம்பு தேய்ந்து ரத்தம்.

"மச்சான், அவுத்துருவோம்."

"பாரம் போயிரும்டா!"

"மாடு போயிருமே!"

அவர் தார்க்குச்சியை ஓங்கினார். ஓங்கிய கை அப்படியே நின்றது. மாடு அவரைத் திரும்பிப் பார்த்தது. வெயில் ஏறிக்கொண்டிருந்தது, வைக்கோலில் ஈரம் குறைந்துகொண்டிருந்தது. பின்னால் பஸ்ஸின் ஊதல் கேட்டது.

டிரைவர் நிறுத்தினார். கண்டக்டர் எட்டிப் பார்த்து, "என்ன அண்ணே, மாட்டு மாப்பிள்ளை நொண்டுறாரு? இலைக்கட்டைத் தூக்கி மேல போடுங்க, சந்தையில இறக்கிருறோம்" என்றான்.

ஏற்றினால் எங்கள் பாரம் இன்றோடு சரி. ஏற்றாவிட்டால் இலையும் வாடும், மாடும் விழும். மச்சான் என்னைப் பார்க்கவில்லை. ஒவ்வொரு கட்டாகத் தாமே தூக்கிப் பஸ் தலையில் ஏற்றினார். ஓடம் வண்டியில் ஏறும் என்பார்கள். வண்டிப் பாரம் பஸ்ஸில் ஏறியதை அன்று பார்த்தேன். இலை வாடாமல் போய்ச் சேர்ந்தது. மறுநாளிலிருந்து எங்களை யாரும் கூப்பிடவில்லை.

அடுப்பு எரிய வேண்டுமே. ரோடு இன்னும் மேற்கே நீண்டுகொண்டிருந்தது. சல்லி இழுக்க வண்டி கேட்டார்கள். குளம்பு ஆறியதும் லாடக்காரரை மச்சானே கூட்டி வந்தார். மாட்டின் தலையைக் கட்டிப் பிடித்துக்கொண்டார். ஆணி இறங்கும்போது கண்ணை இறுக மூடிக்கொண்டார்.

அடுத்த ஊரில் முதல் பாரத்தைக் கொட்டினோம். அந்த ஊர் வண்டிக்காரர்கள் ஓடி வந்தார்கள். "வாங்கண்ணே! ரோடு வந்துருச்சுன்னா இனி எங்க வண்டி பறக்கும்ல?" என்று ஒருவர் செம்பு நிறைய மோரை நீட்டினார்.

மச்சான் செம்பை வாங்கினார். அவர்கள் மாடுகளின் கால்களையே பார்த்தார். எதிலும் இரும்பில்லை.

"முதல்ல லாடம் அடிங்கப்பா" என்றார். மோரைக் குடிக்காமலே என்னிடம் தந்துவிட்டார்.