புடலைப் பந்தலில் விளக்குப் பொறி

பிள்ளைகளா, பூவெல்லாம் ஏன் ஒரே மாதிரி இல்லை என்று முந்தாநாள் கேட்டீர்கள். பதில் எனக்குத் தெரியும். அதைத் தெரிந்துகொள்வதற்குள் நம் வீட்டில் ஒரு நிலமே கைவிட்டுப் போய்விட்டது. அதனால்தான் சொல்ல வாய் வரவில்லை. எழுதித் தருகிறேன், படியுங்கள்.

உத்திரமேரூர் பக்கத்தில் என் பெரியப்பா குத்தகைக்கு நிலம் வைத்திருந்தார். நெல் ஏமாற்றிக்கொண்டே வந்தது. இந்தப் போகமும் விளையாவிட்டால் வேறு ஆளுக்கு விடுவேன் என்று நிலத்துக்காரர் சொல்லிவிட்டார். பெரியப்பா புடலைப் பந்தல் போட்டார். கொடி மேலே ஏறியதும் இலையில் புழு விழுந்தது.

அந்துப்பூச்சி முட்டையிடுகிறது, முட்டையிலிருந்து புழு வருகிறது. பூச்சியைக் கொன்றால் புழு இல்லை. பெரியப்பாவின் கணக்கில் தப்பே கிடையாது. மோட்டார் கொட்டகையிலிருந்து ஒயர் இழுத்து பல்பு கட்டி, அடியில் மண்ணெண்ணெய் கலந்த தண்ணீர்த் தாம்பாளம் வைத்தார். வெளிச்சத்துக்கு வருகிற பூச்சி தண்ணீரில் விழுந்து சாகும். ஒரு விளக்கு போதும் என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். பெரியப்பா எதையும் அரைகுறையாகச் செய்கிறவர் இல்லை. பந்தலைச் சுற்றி மூலைக்கு மூலை கட்டினார்.

காலையில் செத்த பூச்சிகளை அள்ளுவது என் வேலை. சிலது சிட்டுக்குருவி பருமன் இருக்கும். நாளாக ஆகக் குறைந்துகொண்டே வந்தன.

"பெரிப்பா, இன்னிக்கு ஒண்ணுமே வுழல!"

"அப்டி சொல்லுடா என் ராஜா! வம்சமே காலி."

பந்தல் முழுக்கப் பூ. பெண் பூவின் அடியில் நூல்போல ஒரு பிஞ்சு இருக்கும். அது மஞ்சளாகி, தொட்டால் உதிர்ந்தது. பெரியம்மா அதை முந்தானையில் பொறுக்கி வந்து காட்டினார்.

"இன்னாய்யா, பூ பூவா பூக்குது, ஒரு காய் நிக்க மாட்டேங்குதே?"

"நிக்கும், நிக்கும். புழு போச்சா இல்லியா? அத்த பாரு மொதல்ல."

பக்கத்து நிலத்துக்காரர் வரப்பில் போகும்போதே கேட்டார்: "இன்னா அண்ணே, புடலங்காய வுட்டுட்டு பூக்கடை போடப் போறியா?" பெரியப்பாவும் சேர்ந்து சிரித்தார். மறுநாள் இன்னும் உரம் வைத்தார்.

புடலைப் பூ பொழுது சாய்ந்துதான் விரியும். இருட்டில் கண்ணில் படுவதற்கு வெள்ளை, தூரத்தில் போகிறதைக் கூப்பிடுவதற்கு வாசனை. பூவால் நடக்க முடியாது. ஆண் பூவின் மகரந்தத்தைப் பெண் பூவுக்கு யாராவது தூக்கிப் போக வேண்டும். பகலில் வரும் தேனீயை நம்பிய பூசணி மஞ்சளாகப் பூத்தது. ராத்திரி வரும் அந்துப்பூச்சியை நம்பிய புடலை வெள்ளையாகப் பூத்தது. எந்தப் பூவைப் பூச்சி தேடி வந்ததோ அதற்குத்தான் விதை பிடித்தது. அந்த விதையில் முளைத்ததும் அதே மாதிரி பூத்தது. கோடிக்கணக்கான வருஷம் இப்படியே நடந்து பூவில் இத்தனை ஜாதி உண்டானது. இலையைத் தின்னும் புழுவின் தாயும், பூவுக்கு வந்த விருந்தாளியும் எங்கள் தாம்பாளத்தில் ஒன்றாகக் கிடந்தன. அன்றைக்கு இதை எங்களுக்குச் சொல்ல யாரும் இல்லை. சொல்லியிருந்தாலும் பெரியப்பா நம்பியிருப்பாரா, தெரியாது.

நிலத்துக்காரர் வந்து பந்தலை அண்ணாந்து பார்த்தார். "காய் எங்கப்பா?" என்று மட்டும் கேட்டார்.

பெரியப்பா ஒரகடத்தில் ஒரு கம்பெனிக்கு வாட்ச்மேனாகப் போனார். யூனிபார்மும் தொப்பியுமாக அவர் பஸ் ஏறியபோது போலீஸ்காரர் மாதிரி இருந்தார். சந்தோஷத்தில் கை தட்டினேன். அவர் திரும்பியே பார்க்கவில்லை. ஏன் என்று எனக்கு அப்போது புரியவில்லை. அந்த நிலத்தில் இப்போது மனைக்கல் நட்டிருக்கிறார்கள்.

நேற்று சாயங்காலம் நீங்கள் டியூஷன் போன பிறகு மாடிக்குப் போனேன். தொட்டியில் ஏற்றிவிட்ட புடலையில் பூ விரிந்திருந்தது. வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். ஒரு பூச்சிகூட வரவில்லை. ஓர் ஆண் பூவைக் கிள்ளி, பெண் பூவின் நடுவில் மெதுவாகத் தடவினேன். அதற்கப்புறமும் அந்தப் பூ வாசனை விட்டுக்கொண்டேதான் இருந்தது.