பார்வோனின் ஒப்பந்தமும் சூசை அண்ணையும்

டென்மார்க்கின் மேற்கே இருக்கும் எங்கள் ஹொல்ஸ்டெப்ரோவிலிருந்து ஒரே நாளில் கோப்பன்ஹேகன் போய், எகிப்தியச் சிற்பங்களைப் பார்த்துவிட்டுத் திரும்ப முடியுமா என்று உங்களில் சிலர் கேட்டிருந்தீர்கள். முடியும். விடியற்காலை ரயிலைப் பிடித்தால் போதும். ஆனால் நான் முதல்முறை போனது சிற்பம் பார்க்க அல்ல. அது 1988, மாரிகாலம்.

கூட வந்தவர் சூசை அண்ணை. மன்னார்க்காரர். இருவருக்கும் ஒரே இறைச்சித் தொழிற்சாலையில் வேலை. மனைவி திரேசாவையும் மகளையும் இங்கே அழைக்க விண்ணப்பித்துவிட்டு, பதிலே இல்லாமல் காத்திருந்தார். எங்களைப் போன்ற தமிழ் அகதிகளின் குடும்ப விண்ணப்பங்கள் வேண்டுமென்றே கிடப்பில் போடப்பட்டிருந்தன என்பது பின்னால்தான் வெளியே வந்தது. அதனால் அரசாங்கமே பதவி விலக வேண்டியதாயிற்று. அன்று எங்களுக்கு ஒன்றும் தெரியாது. நேரில் கேட்டால் இரங்குவார்கள் என்று நம்பினோம். எனக்குக் கொஞ்சம் டேனிஷ் வரும், மொழிபெயர்க்கப் போனேன்.

அப்போது இடையிலுள்ள கடலுக்குப் பாலம் இல்லை. நியூபோர்க்கில் ரயில் பெட்டிகளோடு கப்பலுக்குள் ஏறிவிடும். எல்லோரும் மேல்தளத்துக்குக் கோப்பி குடிக்கப் போனார்கள். அண்ணை இருக்கையை விட்டு அசையவில்லை.

"இறங்கினால் இவங்கள் எங்களை விட்டிட்டுப் போயிடுவாங்கள். நீ போ, நான் இருக்கிறன்."

கோப்பன்ஹேகனில் குடியேற்ற அலுவலகத்தில் ஒரு பெண் எங்கள் பேச்சை அமைதியாகக் கேட்டார். விண்ணப்பம் பரிசீலனையில் இருக்கிறது, காத்திருக்க வேண்டும் என்றார். அண்ணை மறுபடி கேட்கச் சொன்னார். கேட்டேன். அதே பதில். வெளியே வந்தபோது மழையும் பனியும் கலந்து கொட்டிக்கொண்டிருந்தது. திரும்பும் ரயிலுக்கு இன்னும் நேரமிருந்ததால், குளிருக்கு ஒதுங்க ரயில் நிலையத்துக்கு அருகே ஓர் அருங்காட்சியகத்துக்குள் நுழைந்தோம்.

எகிப்து தன் எல்லைகளை விரித்த கதையை ஒரு மண்டபம் முழுக்க வைத்திருந்தார்கள். தெற்கே நூபியாவைப் பிடித்துப் பொன் எடுத்தது, வடக்கே கானான் சிற்றரசர்களை அடக்கி அவர்களின் பிள்ளைகளைப் பிணையாக அரண்மனைக்குக் கொண்டுபோனது. மன்னனின் செருப்பின் உள்ளடியில்கூட அயல்நாட்டாரின் உருவத்தைத் தீட்டியிருந்தார்கள், ஒவ்வோர் அடியிலும் அவர்களை மிதிப்பதற்காக. முழங்கைகள் பின்னால் சேர்த்துக் கட்டப்பட்ட கைதிகளின் சிற்பத்தின் முன் அண்ணை நின்றுவிட்டார்.

அடுத்த சுவரில், எகிப்தின் பார்வோனும் அவனுடைய வடக்குப் பகைவரான ஹித்தியரும் நெடுங்காலம் சண்டையிட்டபின் செய்துகொண்ட சமாதான ஒப்பந்தத்தின் படம். வழிகாட்டிப் பெண் ஒரு குழுவுக்கு அதை விளக்கிக்கொண்டிருந்தார். நான் மெல்ல மொழிபெயர்த்தேன்: ஒரு நாட்டிலிருந்து தப்பி ஓடிவந்தவனை மற்ற நாடு பிடித்துத் திருப்பி அனுப்ப வேண்டும்.

"அப்பவும் அனுப்பினவங்களே?" அண்ணையின் முகம் கறுத்தது.

அடுத்த வாசகம்: திரும்பி வந்தவனைத் தண்டிக்கக் கூடாது, அவன் வீட்டையும் மனைவி பிள்ளைகளையும் அழிக்கக் கூடாது.

அண்ணை என் கையைப் பிடித்தார். "பெண்சாதி பிள்ளையளைப் பற்றியும் எழுதினவங்களே? சொன்னபடி நடந்தவங்களாமோ? கேள் தம்பி."

கேட்டேன். அது நமக்குத் தெரியாது, எழுதியது மட்டும்தான் மிஞ்சியிருக்கிறது என்றார் அந்தப் பெண். அதையும் அப்படியே சொன்னேன். அண்ணை வாசல் பக்கம் நடந்தார்.

அந்த மாரி முடியுமுன், இனிக் காத்திருந்து பயனில்லை என்று திரேசா மகளோடு இராமேஸ்வரத்துக்குப் படகேறினார். படகு கவிழ்ந்தது. இருவருமே கரை சேரவில்லை. பல மாதங்கள் கழித்து, விண்ணப்பங்களைத் திரும்ப எடுத்தபோது, அண்ணைக்கும் அனுமதி வந்தது. அதில் தாய், மகள் இரண்டு பெயர்களும் பிழையில்லாமல் இருந்தன. வாசித்துக் காட்டியவன் நான்தான்.

போகிறவர்களுக்கு: இப்போது பாலத்தால் நாலரை மணி நேரத்துக்குள் போய்விடலாம். அருங்காட்சியகம் திங்களில் பெரும்பாலும் பூட்டியிருக்கும், பார்த்துக்கொண்டு கிளம்புங்கள். எகிப்தியப் பகுதிக்கு மட்டுமே இரண்டு மணி நேரம் வேண்டும். பிள்ளைகளைக் கூட்டிப் போனால் போர்க்கைதிகள் யார், எங்கிருந்து வந்தவர்கள் என்று சொல்லிக் கொடுங்கள். மன்னர்களின் பெயர்களை அவர்கள் தாங்களே வாசித்துக்கொள்வார்கள்.

போன மாதம் நான் மறுபடி போனபோது அண்ணையையும் கூப்பிட்டேன்.

"நீ போட்டு வா," என்றார். "அங்கை இருக்கிறதெல்லாம் செத்த சனம். அதுகளைப் பார்க்க நான் ரயிலேற வேணுமே?"