குடியுரிமைச் சோதனையும் என் சனிக்கிழமைகளும்

ஆஸ்திரேலியக் குடியுரிமைச் சோதனைக்கு ஆட்களைத் தயார் செய்கிற வேலையில் பாஸானவர் திரும்பி வரமாட்டார். பெயிலானவர்தான் அடுத்த சனிக்கிழமையும் வந்து கதிரையை இழுத்துப் போட்டு உட்காருவார்.

இந்த வேலைக்கென்று நான் படித்தவள் அல்ல. ஊரில் எட்டாம் வகுப்போடு நின்றவள். சிட்னிக்கு வந்து இரண்டாம் தடவையில் சோதனை பாஸானேன். அதைக் கேள்விப்பட்டு டூங்கபியில் எங்கள் தெருவில் இருந்த ஒருத்தி வந்தாள். பிறகு அவளுடைய மச்சாள் வந்தாள். கொஞ்ச நாளில், நான் சமைக்கிற குசினியின் மேசையே வகுப்பாகிவிட்டது. முகம் பார்த்துக் கதைக்க எனக்குக் கூச்சம். அதனால் அரசாங்கம் தருகிற புத்தகத்தை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டுதான் கேள்வி கேட்பேன். கேள்வி இருபது. ஒவ்வொன்றுக்கும் மூன்று விடை. பதினைந்து சரியாக இருக்க வேண்டும். கம்ப்யூட்டரில்தான் சோதனை, சரியான விடையை அமத்த வேண்டும். அதற்கு முன்னால் இருந்து பார்த்தவர்களுக்கு மற்றது தெரியும்.

சிவராசாவின் மனப்பாடம்

சிவராசா லிட்கமில் ஒரு பண்டகசாலையில் வேலை செய்தவர். அந்தப் புத்தகம் தமிழிலும் கிடைக்கிறது என்று அறிந்து, அதை அட்டை முதல் அட்டை வரை பாடமாக்கிக்கொண்டு வந்தார். நான் எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் தேவாரம் மாதிரி ஒப்புவிப்பார். நான் எழுத்துப் பிசகாமல் பார்க்கிறவள். அவரிடம் ஒரு பிழைகூடப் பிடிக்க முடியவில்லை. "அண்ணை, இங்கிலிஷிலும் ஒருக்கா வாசியுங்கோ" என்றேன். "விசயம் ஒண்டுதானே" என்று கையை விசுக்கினார்.

சோதனை ஆங்கிலத்தில்தான் வரும் என்பதை அவர் திரையைப் பார்த்தபோதுதான் நம்பினார். அடுத்த சனிக்கிழமை வந்து, தேத்தண்ணியைத் தொடாமல் இருந்துவிட்டுச் சொன்னார்: "எனக்கு விடையெல்லாம் தெரியும் தங்கச்சி. கேள்விதான் விளங்கேல்லை."

படம் போட்ட பக்கங்கள்

ஸ்ட்ராத்ஃபீல்டில் இருந்து ரமேஷ் என்று ஒருவர் வந்தார். மதுரைக்காரர். கம்ப்யூட்டர் வேலை. மனைவி பிடித்துத் தள்ளியதால் வந்தவர். புத்தகத்தில் முதல் பகுதி சோதனைக்கு, பின்பகுதி சும்மா தெரிந்துகொள்ள. விளையாட்டு வீரர்களும் விஞ்ஞானிகளும் இருப்பது பின்பகுதியில். படம் இருக்கிறதே என்று அவர் அதை மட்டும் படித்திருந்தார். முன்பகுதியைப் பாருங்கள் என்றேன். "ஈஸி ஆன்ட்டி" என்று தொலைபேசியைத் தடவிக்கொண்டிருந்தார்.

பெயிலாகி வந்த அன்று அவர் முகத்தில் கோபம்தான் இருந்தது. "ஒரு கிரிக்கெட் கேள்விகூட வரல ஆன்ட்டி. அப்புறம் எதுக்கு இந்த நாட்டுக்கு வந்தோம்?"

பிரதமர் மாறிய கிழமை

2010இல் ஒரு நாள் விடிந்தபோது, பிரதமரை அவருடைய கட்சிக்காரரே இறக்கிவிட்டு வேறொருவரை ஏற்றியிருந்தார்கள். அந்தச் சனிக்கிழமை பரமேஸ்வரி வந்தாள். திங்கட்கிழமை அவளுக்குச் சோதனை. வெள்ளிக்கிழமை பிள்ளைகளைப் பள்ளிக்கூடம் அனுப்பவில்லையாம். ஊரில் மாதிரி ஊரடங்கு வரும் என்று அரிசி, பருப்பு, மெழுகுதிரி எல்லாம் வாங்கி வைத்துவிட்டாளாம்.

பிரதமரின் பெயரைச் சோதனையில் கேட்கமாட்டார்கள், பயப்படாதே என்றேன். அவள் அதைக் காதில் வாங்கவில்லை. எழும்பிப்போய் யன்னல் சீலையை விலக்கித் தெருவின் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு வந்தாள். "ஒரு ஆமிக்காரனையும் காணேல்லை அன்ரி. உண்மையாத்தான் மாத்தினவங்களோ, இல்லாட்டிச் சும்மா சொல்லுறாங்களோ?"

யோகனின் மூன்று கேள்விகள்

யோகன் படகில் வந்து, குடியுரிமைக்கு வேண்டிய நாலு வருடத்தை முடித்தவர். ஒரு சலவை ஆலையில் வேலை. அவருடைய அம்மா வவுனியாவில் தனியாக, படுக்கையோடு இருந்தார். அகதிகளுக்குக் கொடுக்கிற பயணப் புத்தகத்தில் எந்த நாட்டுக்கும் போகலாம், பிறந்த நாட்டுக்கு மட்டும் போக முடியாது. அம்மாவைப் பார்க்க வேண்டுமென்றால் ஆஸ்திரேலியப் பாஸ்போட் வேண்டும். அதற்குச் சோதனை பாஸாக வேண்டும். என் மேசையில் அவர் இருபதுக்கு இருபது எடுப்பார். பரமட்டாவில் சோதனை நடக்கிற அலுவலகத்தில் போய் இருந்தால் பதின்மூன்று. இரண்டாம் தடவை பதினான்கு.

எனக்கு அது பொறுக்கவில்லை. என்னென்ன கேள்வி வந்தது, எதை அமத்தினீர் என்று ஒவ்வொன்றாகக் கேட்டேன். பதற்றத்தில் பிசகினவை போக, அரசாங்கத்தைக் குறைசொல்லலாமா, எதிர்த்து ஊர்வலம் போகலாமா, கூட்டம் கூடலாமா என்ற மூன்றுக்கும் அவர் கூடாது என்ற விடையை அமத்தியிருந்தார். "தம்பி, இங்க சரியாச் சொன்னனீரே!" என்றேன். "இது உங்கட குசினி அன்ரி. அங்க படம் எடுத்தவங்கள், பேர் பதிஞ்சவங்கள், வாசல்ல ஒருத்தன் நிண்டவன்" என்றார்.

நான் புத்தகத்தை மேசையில் வைத்துவிட்டு முதல் தடவையாக அவருடைய முகத்தைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. "சண்டை முடிய ஊரில ஆமிக்காரர் எங்களை ஒரு பள்ளிக்கூட வளவுக்க இருத்தி, இயக்கத்தில இருந்த உண்மையைச் சொன்னா ஒண்டும் செய்யமாட்டம் எண்டு மைக்கில சொன்னவங்கள். நம்பி எழும்பிப் போன பெடியங்களைக் கண்டனான் அன்ரி. பிறகு காணேல்லை."

பாஸானவர்

யோகன் மூன்றாம் தடவை போனார். அந்த மூன்றுக்கும் கண்ணை மூடிக்கொண்டு 'ஓம், செய்யலாம்' என்று அமத்தினாராம். பாஸ். என் கணக்கில் பாஸாகியும் திரும்பி வந்தவர் அவர் ஒருவர்தான். இனிப்போடு வருகிறார் என்று நினைத்தேன். வெறுங்கையோடு வந்து, "நான் போட்ட விடையை இவங்கள் எத்தனை வருசம் வைச்சிருப்பாங்கள்?" என்று கேட்டார். புத்தகத்தில் அது இல்லை. கேட்டுச் சொல்லவும் எனக்கு ஆளில்லை. குடியுரிமை விழா முடிந்தது. பாஸ்போட்டும் வந்தது. அவர் டிக்கெட் எடுக்கவில்லை. "கொழும்பு ஏர்போட்டில பேரைத் தட்டினா அந்த மூண்டு ஓமும் வருமோ அன்ரி?" என்று ஒவ்வொரு சனிக்கிழமையும் கேட்டார். வராது தம்பி என்று ஒவ்வொரு சனிக்கிழமையும் சொன்னேன். எட்டாம் வகுப்புக்காரியின் பேச்சை நம்பி யார் விமானம் ஏறுவார்?

முன்பு ஒருநாள் அவர் என் வீட்டுத் தொலைபேசியில் தாயோடு கதைத்திருந்தார். அந்த இலக்கத்தைத் தாய் குறித்து வைத்திருக்கிறார். மார்கழியில் அந்தத் தாயே எனக்கு ஃபோன் எடுத்தார். இருமி இருமித்தான் கதைத்தார். "தங்கச்சி, என்ர பிள்ளை பாஸாம் எண்டு சொல்லுறான். பாஸான பிள்ளை தாயைப் பாக்க வராமல் இருக்குமே? அவன் பெயில்தானே? எனக்கு மறைக்காமல் சொல்லுங்கோ."

அந்தக் கேள்விக்குக் கீழே மூன்று விடைகள் இல்லை, அதில் நான் பெயில்.