ஒருநாள் பிந்தி வந்த ஏகாதசி

போன வாரம் எங்கள் தபால் பெட்டியில் கறுப்பு ஓரம் போட்ட உறை ஒன்று கிடந்தது. இங்கே ஜெர்மனியில் அதை டிரவர்கார்ட்டே என்கிறார்கள். கீழ்வீட்டுப் பெரியவர் இறந்துவிட்டார், இன்ன நாள் அடக்கம், வாருங்கள் என்று அச்சடித்து, மாடிப்படியில் வணக்கம் சொல்வதோடு சரியென்றிருந்த எனக்கும் அனுப்பியிருந்தார்கள். நம் ஊரில் கறுப்பு ஓரக் கடிதத்தைப் படித்ததும் கிழித்துப்போடுவோம், வீட்டுக்குள் கொண்டுபோக மாட்டோம். கைப்பழக்கத்தில் வாசலிலேயே கிழித்துவிட்டேன். நிமிர்ந்தால் எதிரே அவர் மனைவி, ஃபிராவ் ஹோல்ஸ், அதாவது திருமதி ஹோல்ஸ். "என் கணவர் உங்களுக்கு ஏதாவது தொந்தரவு கொடுத்தாரா?" என்று கேட்டார். இது எங்கள் வழக்கம் என்று தட்டுத்தடுமாறிச் சொன்னேன். "அப்படியானால் உங்களுக்கு வரும் சாவுச் செய்தியை எல்லாம் கிழித்துவிடுவீர்களா?" என்றார். என் வீட்டுச் சாவுச் செய்தி எனக்கு வரவே இல்லை என்று வாய்வரை வந்தது. மன்னிப்புக் கேட்டுவிட்டுப் படியேறினேன்.

என் அம்மா இருபத்தெட்டு வருடம் திருச்சி ரயில் நிலையத்தில் டிக்கெட் கொடுத்தவள். ஸ்ரீரங்கத்திலிருந்து பஸ் பிடித்து, காவிரிப் பாலம் வரும்போது மட்டும் புத்தகத்தை மூடிவிட்டு ஆற்றில் தண்ணீர் எவ்வளவு என்று பார்ப்பாள். கவுண்ட்டரில் அவள் வைத்ததுதான் சட்டம். வரிசையில் யாராவது அழுத முகத்தோடு நின்றால், "சாவுக்குப் போறவா முன்னாடி வாங்கோ" என்று குரல் கொடுப்பாள். மற்றவர்கள் முணுமுணுத்தால், "நாளைக்கு உங்களுக்கும் இதே கவுண்ட்டர்தான்" என்பாள். சும்மா ஆறுதல் சொல்வது அவளுக்கு ஆகாது. "டிக்கெட் இல்லைன்னா இல்லைன்னு மூஞ்சிக்கு நேரா சொல்லிடணும். பாக்கறேன்னு சொல்லி ஒருத்தரை உக்கார வெக்கறது பாவம்" என்று எனக்கும் தம்பிக்கும் சொல்லிச் சொல்லி வளர்த்தாள். அவளைத்தான் நான் நம்பினேன்.

நான் இங்கே வந்த நாளிலிருந்து தினமும் காலையில் அம்மாவின் குரல் வாட்ஸ்அப்பில் வந்துவிடும். அடுப்பில் என்ன தளிகை, பெருமாள் எந்த வாகனத்தில் எழுந்தருளினார், பேத்தி மைதிலி பால் குடித்தாளா, அவ்வளவுதான். இந்த வருடம் எங்கள் பழைய விசா முடிந்து புதிய அட்டை வராத இடைவெளி ஒன்று இருந்தது. அந்தச் சமயத்தில் நாட்டைவிட்டு வெளியே போனால் திரும்பி வருவது பெரும்பாடு. "அந்தக் கார்டு என்னிக்குடி வரும்?" என்று அம்மா அடிக்கடி கேட்டாள். எங்கள்மீது அக்கறை என்று நினைத்துக்கொண்டேன். குரல் வழக்கம்போல வந்தது. கொஞ்சம் கம்மியிருந்தது, சளி என்றாள். மைதிலி தன் முதல் பல் விழுந்த கதையைச் சொல்லிப் பதில் அனுப்பினாள். அம்மா கேட்டுவிட்டாள் என்பதற்கு அடையாளமாக இரண்டு நீலக் கோடுகளும் விழுந்தன.

பிறகு ஒருநாள், "இன்னிக்கு ஏகாதசி, நான் பட்டினி, மைதிலிக்கு நல்லதா ஏதாவது பண்ணிக் கொடு" என்று வந்தது. சுவரில் அம்மா அனுப்பிய தினசரிக் காலண்டர் தொங்கியது. அதில் துவாதசி. ஏகாதசி முந்தின நாளே முடிந்துபோயிருந்தது. அம்மா என் பெயரை மறந்தாலும் மறப்பாள், ஏகாதசியை மறக்க மாட்டாள். தம்பியைக் கூப்பிட்டு, "அம்மாவுக்கு என்னடா ஆச்சு?" என்றேன். அவன் அழ ஆரம்பித்தான்.

"அம்மாதான் சத்தியம் வாங்கிண்டா அக்கா. கார்டு வர்ற வரைக்கும் மூச்சு விடாதேன்னா. குரல் போறதுக்கு முன்னாடி பத்து மெசேஜ் பேசி வெச்சா. ஒரு நாளைக்கு ஒண்ணுன்னு வரிசையா அனுப்பச் சொன்னா. அஸ்தி கரைக்கப் போன அன்னிக்கு அனுப்ப விட்டுப்போச்சு. அதான் ஒருநாள் தள்ளிப்போச்சு."

எட்டாவது மெசேஜில் எனக்குத் தெரிந்தது. முதல் மூன்று வந்தபோது அவள் ஆஸ்பத்திரியில் உயிரோடு இருந்தாள். அப்போதே தெரிந்திருந்தால் எல்லாவற்றையும் விட்டுவிட்டு நான் போயிருப்பேன், அது அவளுக்குத் தெரியும். ஊரான் எவனெவனுக்கோ வரிசையை விலக்கி டிக்கெட் கொடுத்தவள், பெற்ற பெண்ணுக்குக் கவுண்ட்டரை மூடிவிட்டாள். நல்லதுக்குத்தான் செய்தாள் என்று எல்லோரும் சொல்கிறார்கள். எனக்கு ஆறவில்லை. தெரிந்தபின் ஓடிப்போய்ப் பார்க்க அவள் இல்லை; அட்டை வந்து நான் ஸ்ரீரங்கம் போனபோது பதிமூன்றாம் நாளும் முடிந்து, வீட்டைக் கழுவிவிட்டிருந்தார்கள்.

நேற்று கீழ்வீட்டுப் பெரியவரின் அடக்கத்துக்குப் போனேன். வரிசையாக ஒவ்வொருவரும் ஒரு கை மண் அள்ளிப் போட்டார்கள். ஃபிராவ் ஹோல்ஸ் என்னைக் கையைப் பிடித்து முன்னால் நிறுத்தினார். அம்மாவுக்கு வாய்க்கரிசி போடாத கையால், நின்று பேசிக்கூடப் பழகாத மனிதருக்கு மண் போட்டேன். வீட்டுக்கு வந்து தலைக்குக் குளித்தேன். அழுது முடித்தபின் தம்பியைக் கூப்பிட்டேன்.

"இன்னும் ரெண்டு இருக்குக்கா. அனுப்பவா?" என்றான்.

"ஒண்ணு அனுப்பு. கடைசி ஒண்ணு அங்கேயே இருக்கட்டும்" என்றேன்.

வந்தது. ஸ்பீக்கரில் போட்டேன். பின்னால் ஆஸ்பத்திரி மெஷினின் சத்தம். யாரிடமும் பொய் சொல்லாத அந்தக் குரலில் அம்மா சொன்னாள்: "இன்னிக்கு விசேஷமா ஒண்ணுமில்லை. நீ உன் வேலையைப் பாரு."